துணைக் கேள்விக்கு நேரம் வேண்டும்

என் தாயாருக்கு மறதிநோய் இருப்பது உறுதியான பிறகு, பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் அவருக்கு ஓர் இடம் கிடைக்க நாங்கள் பல மாதங்கள் காத்திருந்தோம். அந்த நாள்களில், சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடத்தும் மக்கள் சந்திப்புக்கு ஒரு முறை சென்றேன். எங்கள் குடும்பத்திற்கென்று சலுகை எதுவும் கேட்கவில்லை. இப்படிக் காத்திருக்கும் குடும்பங்கள் எவ்வளவு காலம் காத்திருக்கின்றன என்பதை நாடாளுமன்றத்தில் கேட்க முடியுமா என்று மட்டும் உறுப்பினரிடம் வேண்டினேன். அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டு, வாய்மொழிப் பதிலுக்கான கேள்வியாகவே அதைத் தாக்கல் செய்தார். ஆனால் அன்று கேள்வி நேரம் முடிந்தபோது அவருடைய கேள்வியின் முறை வரவில்லை. பதில் எழுத்தில் வந்தது. அதில் சராசரிக் காத்திருப்புக் காலம் குறிப்பிடப்பட்டிருந்தது.

அந்தப் பதிலில் பிழை இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் சராசரி என்பது விரைவில் இடம் கிடைத்தவர்களையும் நெடுங்காலம் காத்தவர்களையும் ஒன்றாகக் கலந்து சொல்லும் எண். அமைச்சர் அவையில் எழுந்து அந்த எண்ணைச் சொல்லியிருந்தால், எங்கள் உறுப்பினர் உடனே எழுந்து, "மிக நீண்ட காலம் காத்திருந்த குடும்பங்களின் நிலை என்ன, அவர்கள் எந்த வட்டாரங்களில் அதிகம்?" என்று கேட்டிருப்பார். துணைக் கேள்வி எனப்படும் அந்த இரண்டாவது கேள்விதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. எழுத்தில் வந்த பதிலை நோக்கி அப்படி எழுந்து கேட்க வழியில்லை. அடுத்த அமர்வுக்குப் புதிதாக ஒரு கேள்வியைத் தாக்கல் செய்துவிட்டு மீண்டும் காத்திருக்க வேண்டும்.

நம் நாடாளுமன்ற நடைமுறையை அறியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் உறுப்பினர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள் வரை தரலாம். அவற்றில் வாய்மொழிப் பதிலுக்குரியவை மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. ஏழு முழு நாள்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம். அதற்குள் எடுத்துக்கொள்ளப்படாத வாய்மொழிக் கேள்விகளுக்கு, உறுப்பினர் அவற்றை ஒத்திவைக்கவோ மீட்டுக்கொள்ளவோ செய்யாவிட்டால், எழுத்துவழிப் பதிலே கிடைக்கும். முதல் கேள்விக்கான பதிலை அமைச்சு ஒரு வாரம் அமர்ந்து தயாரிக்கிறது, அது முறையானதும்கூட. துணைக் கேள்வி அப்படியன்று. தம் துறையின் கொள்கையை அமைச்சர் உள்ளும் புறமும் அறிந்திருக்கிறாரா, அதன் விளிம்பில் நிற்பவர்களைப் பற்றி எண்ணிப் பார்த்திருக்கிறாரா என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது.

இதற்கு நான் எப்போதும் நினைவுகூரும் சான்று டிரேஸ்டுகெதர் விவகாரம். கொவிட்-19 காலத்தில், தொற்றியவர்களுடன் தொடர்பில் இருந்தோரைக் கண்டறிய உதவிய அந்தச் செயலியையோ கருவியையோ நாம் எல்லாரும் சுமந்து திரிந்தோம். திரட்டப்படும் தரவு தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்று 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் கூறியிருந்தார். அந்த அக்டோபர் இறுதியில் பொதுமக்களில் ஒருவர் கேட்ட பிறகே, விசாரணைக்காகத் தரவைக் கோரக் காவல்துறைக்கு அதிகாரம் தரும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இத்தரவுக்கும் பொருந்தும் என்பதைத் தாம் உணர்ந்ததாக அவரே பின்னர் அவையில் தெரிவித்தார். 2021 ஜனவரி 4ஆம் தேதி அமர்வுக்கு, ஆளுங்கட்சி உறுப்பினரான கிறிஸ்டஃபர் டி சூசா, குற்ற விசாரணைக்குக் காவல்துறை இத்தரவைப் பயன்படுத்த முடியுமா என்று கேள்வி தாக்கல் செய்திருந்தார். முடியும் என்று உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் பதிலளித்தார். உடனே எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஜெரால்டு கியாம் எழுந்து, இது மக்களுக்குக் கொடுக்கப்பட்ட தனியுரிமை உறுதிமொழியை மீறுவதாகாதா என்று துணைக் கேள்வி தொடுத்தார்.

அன்று மாலைக்குள் நாடே அதைப் பற்றிப் பேசியது. மறுநாளே அமைச்சர் விவியன் அவையில் விளக்கமளித்தார். பிப்ரவரி 2ஆம் தேதி நிறைவேறிய சட்டத்திருத்தம், ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே அத்தரவைப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தது. தவற்றுக்குத் தாம் பொறுப்பேற்பதாக அமைச்சர் சொன்னதை நான் இன்றும் மதிப்புடன் நினைக்கிறேன். பெயர் தெரியாத ஒரு குடிமகன், ஆளுங்கட்சியின் ஓர் உறுப்பினர், எதிர்க்கட்சியின் ஓர் உறுப்பினர் என்று மூவர் கேட்ட எளிய கேள்விகள், ஒரு மாதத்திற்குள் ஒரு சட்டத்தையே மாற்றின. டி சூசாவின் கேள்வி அன்று நேரமின்றி எழுத்துவழிப் பதிலாகப் போயிருந்தால் இந்த வரிசை எப்படி நகர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலை என்று நம்மில் பலர் கருதுகிறோம். 1968 முதல் 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெ. பி. ஜெயரத்தினம் வெல்லும் வரை அவையில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லாதிருந்த வரலாறு நமக்கு உண்டு. அதனால் அந்தக் கருத்து வேரூன்றியது இயல்பே. ஆயினும் கட்சிக் கொறடாவின் கட்டுப்பாடு வாக்களிப்புக்குத்தான். கேள்வி வாக்கு ஆகாது. ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர் ஒருவர் தம் அமைச்சரை எவ்வளவு கூர்மையாகக் கேட்டாலும் அரசாங்கம் கவிழ்ந்துவிடாது, கொள்கை செம்மைப்படும். ஆகவே கூடுதல் நேரம் வேண்டும் என்று நான் கேட்பது எந்தக் கட்சிக்காகவும் அன்று.

கேள்வியின் நோக்கத்தை ஐயுறும் வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். 2020 ஜனவரியில், புதிய வேலைகளில் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தனித்தனியே சென்றவை எத்தனை என்று பாட்டாளிக் கட்சியின் பிரித்தம் சிங் கேட்டபோது, தரவைத் தரலாம் என்று சொன்ன அமைச்சர் சான் சுன் சிங், அந்தக் கேள்வியின் நோக்கம் என்ன என்றும் திருப்பிக் கேட்டார். தரவு பிளவுக்கு வித்திடலாம் என்ற அமைச்சரின் கவலை எனக்குப் புரிகிறது. எனினும் உண்மை நிலவரத்தை அறிவதே போதுமான நோக்கம் என்பது என் உறுதியான கருத்து.

சட்டங்கள் விரைந்து நிறைவேறும் வேளைகளில் இந்தத் தேவை இன்னும் கூடுகிறது. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டம் அறிமுகமான அன்றே நிறைவேறியது. பெருந்தொற்றின் நடுவே அதைக் குறைசொல்ல முடியாது. 2024 அக்டோபரில், இன்கம் காப்புறுதி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை ஜெர்மனியின் அலியான்ஸ் வாங்கவிருந்த உடன்பாட்டை ஒட்டி வந்த காப்புறுதிச் சட்டத்திருத்தம், 14ஆம் தேதி அறிமுகமாகி 16ஆம் தேதி நிறைவேறியது. முன்னறிவிப்புடன் கேள்வி தயாரிக்க இடமில்லாத இத்தகைய தருணங்களில், அமைச்சரின் உரைக்குப் பின் எழும் விளக்கக் கேள்விகளே உறுப்பினர்களிடம் எஞ்சும் கருவி.

நேரத்தைக் கூட்டினால் அமைச்சர்களின் மற்றப் பணிகள் தடைபடும், அதிகாரிகளின் சுமை ஏறும் என்று அரசாங்கச் சேவையில் இருக்கும் என் நண்பர் ஒருவர் வாதிடுவார். அதிகாரிகளின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எழுத்துவழிப் பதிலையும் அவர்கள்தாமே தயாரிக்கிறார்கள்? வேலை முழுவதும் முடிந்த பிறகு, அதன் பயனாகிய உரையாடலை மட்டும் நாம் இழக்கிறோம். ஒன்றரை மணி நேரத்தை இரண்டரை மணி நேரமாக்கினால், அமைச்சர் கூடுதலாகத் தருவது ஓர் அமர்வுக்கு ஒரு மணி நேரம்தான்.

வரவுசெலவுத் திட்ட விவாதத்தில், அமைச்சு ஒன்றின் ஒதுக்கீட்டில் அடையாளமாக நூறு வெள்ளியைக் குறைக்கக் கோரியே உறுப்பினர்கள் பேசத் தொடங்குகிறார்கள். அந்த நாள்களில் ஒவ்வோர் அமைச்சும் எவ்வளவு விரிவாகப் பதிலளிக்கிறது என்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஆண்டின் மற்ற மாதங்களிலும் இப்படி இருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு வரும்.

என் தாயாருக்கு இப்போது இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அடுத்த மக்கள் சந்திப்புக்கு நான் மீண்டும் செல்லவிருக்கிறேன். அரசாங்கத்தின் சார்பில் அவை அலுவல்களை ஒழுங்குசெய்யும் அவைத் தலைவரிடம் கேட்கும்படி எங்கள் உறுப்பினரிடம் கொடுக்க ஒரு கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன்: சென்ற நாடாளுமன்றத் தவணையில், வாய்மொழிப் பதிலுக்காகத் தாக்கல் செய்யப்பட்டு, நேரம் போதாமையால் எழுத்துவழிப் பதிலாக மாறிய கேள்விகள் மொத்தம் எத்தனை? அதை வாய்மொழிப் பதிலுக்கான கேள்வியாகவே தாக்கல் செய்யுமாறு அவரிடம் வேண்டுவேன்.