பெயிண்டுக்கு முன்னால் ஸ்டேயைப் பாருங்கள்

பழைய ஹீரோ ஹோண்டா கரிஷ்மா பைக்குக்கோ யமஹா ஆர்15 முதல் மாடலுக்கோ பாடி வேலை செய்யக் கிளம்புகிற தம்பிகள் எடுத்த எடுப்பில் கேட்பது, "அண்ணா, என்ன கலர் அடிக்கலாம்?" என்பதுதான். கலர் கடைசி வேலை. பேனல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, எந்த போல்ட்டில் நிற்கிறது, ஹேண்டிலை முழுசாகத் திருப்பினால் எதில் இடிக்கிறது என்று பார்த்து முடிக்காமல் பெயிண்ட் டின்னைத் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சேலத்தில் நல்ல பெயிண்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. லாரி பாடி கட்டுகிற சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்திலேயே இருப்பதால் பட்டி, வெல்டிங், ஸ்ப்ரே தெரிந்த கைகள் தாராளமாகக் கிடைக்கும். அப்படியும் எத்தனையோ வண்டிகள் நாலு தடவை ஏற்காடு ஏறி இறங்கியதும் போல்ட் ஓட்டையிலிருந்து கீறல் விட ஆரம்பிக்கின்றன. பழி பெயிண்டர் மேல் விழுகிறது. கோளாறு பெரும்பாலும் உள்ளே மறைந்து பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டமான ஸ்டேயில்தான்.

கரிஷ்மா 2003-ல் வந்தது. 223 சிசி, காற்றில் குளிரும் இன்ஜின். அதன் முன் ஃபேரிங் (காற்றைக் கிழிக்கிற முன்பக்க உறை) ஹேண்டிலோடு திரும்பாது. ஃப்ரேமில் மாட்டிய ஸ்டேயில் நிற்கிறது. ஆர்15 வந்தது 2008-ல், ரேடியேட்டரோடும் முழு ஃபேரிங்கோடும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது சாயாத வண்டி அபூர்வம். சாய்ந்த வண்டியில் பேனலை மாற்றியிருப்பார்கள், ஸ்டேயை நிமிர்த்தியிருக்க மாட்டார்கள்.

அதனால் ஃபேரிங்கைக் கழற்றிவிட்டு ஸ்டேயை மட்டும் வண்டியில் விட்டு அளந்து பாருங்கள். முன் சக்கரத்தை நேராக வைத்து, ஃபோர்க் குழாயின் வெளி விளிம்பிலிருந்து ஸ்டேயின் ஒவ்வொரு ஓட்டைக்கும் டேப் பிடித்து இடம் வலம் ஒப்பிட வேண்டும். இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசத்தை ரப்பர் புஷ் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் ஸ்டேயைக் கழற்றி நிமிர்த்தியே ஆக வேண்டும். அதைச் செய்யாமல் பேனலின் ஓட்டையைப் பெரிதாக்கி, முழங்காலால் அமுக்கிப் பிடித்து போல்ட் ஏற்றினால் அந்தப் பேனல் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு அதோடு சேரும்போது பேனலில் போல்ட் ஏறுகிற காதுதான் முதலில் கிழியும். எல்லா போல்ட்டையும் விரலால் ஏற்றும்போதே பேனல் தானாக உட்கார வேண்டும். ஸ்பேனர் அதற்குப் பிறகுதான்.

6 மி.மீ. போல்ட்டுக்குப் பேனலிலும் 6 மி.மீ. ஓட்டை போட்டுவிடுகிறார்கள். அது போதாது. ரப்பர் புஷ், அதன் நடுவில் இரும்புக் காலர், மேலே அகலமான வாஷர், இவை மூன்றும் உட்காரும் அளவுக்கு ஓட்டை இருக்க வேண்டும். போல்ட்டின் இறுக்கம் காலரில் போய் முட்ட வேண்டும், பிளாஸ்டிக்கில் அல்ல. பழைய வண்டியில் இந்தக் காலர்கள் பெரும்பாலும் தொலைந்திருக்கும். லேத் பட்டறையில் சொன்னால் குழாயை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ரப்பரை விட அரை மி.மீ. குட்டையாக இருந்தால் சரி. போல்ட்டுகளை எஸ்.எஸ்.ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குங்கள். ஸ்டீல் பிளாண்ட் இருக்கிற ஊரில் துருப்பிடித்த போல்ட்டோடு வண்டி ஓட்ட வேண்டியதில்லை. அலுமினியத்தில் ஏறுகிற இடங்களில் மட்டும் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை கழற்றும்போது மரையோடு சேர்ந்து வந்துவிடும்.

அடுத்தது பிளாஸ்டிக். "ஃபைபர்" என்று நாம் பொதுவாகச் சொல்லும் கம்பெனி பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக். சில மட்கார்டுகளும் உள் பேனல்களும் பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன். பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். அழிந்துபோயிருந்தால் ஒரு சின்னத் துணுக்கை வெட்டித் தண்ணீர் டம்ளரில் போடுங்கள்: பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். இதைப் பார்க்காமல் ஒட்டக் கூடாது. ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும்; பிபி கரையாது. அதை அதே பிபி கம்பி வைத்துச் சூடான காற்றில்தான் வெல்ட் செய்ய முடியும். பெயிண்ட் பிடிக்கவும் தனி அடிப்பூச்சு வேண்டும். அது இல்லாமல் அடித்தால் தோல் மாதிரி உரிந்து வரும்.

ஏபிஎஸ் கீறலை ஒட்ட ஃபெவிக்விக்கும் எம்சீலும் வேண்டாம். முதலாவது நொறுங்கும், இரண்டாவது அதிர்வில் விட்டு வரும். கீறலின் நுனியில் 2 மி.மீ. துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு கீறல் நெடுக இரண்டு பக்கமும் 'வி' வடிவில் வெட்டுங்கள். உள்பக்கம் மெல்லிய எஸ்.எஸ். வலையைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கிப் பிளாஸ்டிக்குக்குள் அமிழ்த்துங்கள். பழைய உடைந்த பேனலைப் பொடிப்பொடியாக வெட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி ஊறவைத்தால் மறுநாள் தேன் பதத்தில் ஒரு கூழ் கிடைக்கும். அதை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி நிரப்ப வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக ஊற்றினால் மேலே தோல் கட்டி உள்ளே குமிழ் நிற்கும். இரண்டு நாள் முழுசாகக் காயாமல் தேய்க்காதீர்கள். இப்படி ஒட்டிய காது பல நேரம் பக்கத்துப் பிளாஸ்டிக்கை விடவும் உறுதியாக நிற்கும். கம்பெனி பேனல் கிடைப்பது குறைந்துகொண்டே வரும் காலத்தில், உடைந்ததைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருப்பது நல்லது. சொந்தப் பேனலின் துண்டை விடப் பொருத்தமான பசை வேறில்லை.

பழைய பெயிண்டை எடுக்க பெயிண்ட் ரிமூவர் தடவாதீர்கள். ஏபிஎஸ் இளகிப்போகும். 320 உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நேரம் எடுக்கும்தான், ஆனால் பேனல் பேனலாக இருக்கும்.

இனி, பலருக்குக் கோபம் வரக்கூடிய விஷயம். கரிஷ்மாவுக்குக் கண்ணாடி நாரில் (ஃபைபர் கிளாஸ்) முழு ஃபேரிங் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த இன்ஜினின் துடுப்புகளில் காற்று நேராகப் பட வேண்டும் என்றுதான் பக்கவாட்டைத் திறந்து விட்டிருக்கிறார்கள். மே மாதம் ஏற்காடு கோடை விழா நேரத்தில் அடிவாரத்திலிருந்து பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுகிற வண்டியை நினைத்துப் பாருங்கள். வேகம் இல்லை, காற்று இல்லை, இன்ஜினோ முழுச் சுமையில். அதைச் சுற்றிப் பெட்டி கட்டினால் ஆயில் சீக்கிரம் கெடும், பிஸ்டன் வரை வினை போகும். கட்டியே தீருவேன் என்றால், காற்று நுழையும் வாயை விட வெளியேறும் வாய் பெரிதாக, சிலிண்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஃபேரிங் இல்லாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை, அதே நேரத்தில் அதே மலை ஏறி, மேலே போனதும் ஸ்பார்க் பிளக்கின் அடியில் லேசர் தெர்மாமீட்டர் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிவதை நம்பாதீர்கள், அந்த எண்ணை நம்புங்கள்.

கண்ணாடி நார் வேலையில் அளவுகள் முக்கியம். பக்கப் பேனலுக்கு மேலே டிஷ்யூ மேட் (மெல்லிய நார் விரிப்பு), உள்ளே 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) மேட் இரண்டு அடுக்கு போதும். போல்ட் காதுகளில் மட்டும் நாலு அடுக்கு. மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் கனமும் நொறுங்கும் தன்மையும்தான் கூடும். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் கிலோவுக்குச் சுமார் 10 மில்லியிலிருந்து 20 மில்லி வரை. சேலத்து வெயிலில் குறைந்த அளவே போதும், அதுவும் கால் கிலோ கால் கிலோவாகக் கலக்க வேண்டும். மொத்தமாகக் கலந்தால் பாத்திரத்திலேயே புகைந்து இறுகிவிடும். ஏற்காட்டு டிசம்பர் குளிரில் அதே அளவு போட்டால் மறுநாளும் பிசுபிசுக்கும். ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட் ரெசினில் முழுசாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட். புகை போகும் பெண்ட் பைப்புக்கும் பேனலுக்கும் நடுவில் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி, பேனலின் உள்பக்கம் அலுமினியத் தகடு. அடிப்பேனலின் தாழ்ந்த இடத்தில் மழைத்தண்ணீர் வடிய இரண்டு துளை.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் ப்ரைமரோடு நிறுத்திவிட்டு மலைக்குக் கிளம்புங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கிளம்பும் முன் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. கொண்டை ஊசியில் மெதுவாகத் திரும்பும்போது வண்டி தானாக முன்னால் பாயும். பிரேக் லீவருக்கும் கிளட்ச் லீவருக்கும் ஃபேரிங்கிலிருந்து இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று முழு லாக்கில் கை வைத்துப் பாருங்கள்; விரல் நசுங்கினால் பிரேக் பிடிக்க முடியாது. ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை மாட்டி விடுங்கள். மேலே போய் இறங்கி வந்ததும் அது எவ்வளவு உயரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், மட்கார்டு ஃபேரிங்கைத் தொட எவ்வளவு பாக்கி என்பது தெரியும். உரசிய இடமெல்லாம் சாம்பல் ப்ரைமரில் பளபளவென்று கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை இப்போது தேய்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிஷம். கலர் அடித்த பிறகு என்றால் முழுப் பேனலும் போச்சு. சாதாரண ப்ரைமர் ஈரத்தை உறிஞ்சும், அதனால் பனியும் மழையும் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், அல்லது எபாக்சி ப்ரைமர் அடியுங்கள்.

பெயிண்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டேங்குக்கு ஹார்ட்னர் சேர்க்கும் பியு (பாலியூரித்தேன்) பெயிண்ட் மட்டும்தான்; மற்றது பெட்ரோல் சிந்தினால் மூடியைச் சுற்றி இளகும். ப்ரைமரை 400, பிறகு 600, 800 தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கோட்டுக்குக் கோட்டு பத்து பதினைந்து நிமிஷம் விடுங்கள். மழை ஈரத்தில் அடித்தால் பளபளப்பு வெளுத்துப்போகும். ஹார்ட்னரின் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டை கட்டுவது பாதுகாப்பே இல்லை, கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். பெயிண்டர் அண்ணனிடம் இல்லாவிட்டால் நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

வால் பக்கத்தைக் குட்டையாக்குகிறவர்கள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தில் பாதியாவது மறைகிற சேலைத் தடுப்பு, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் மிதி எல்லாம் விதிப்படி கட்டாயம். கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்.சி.யில் நிறமும் எழுதியிருக்கும், மாற்றினால் பதிய வேண்டும். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை 15 வருஷம் தாண்டியவை. ஆர்.சி.யை 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டியாக வேண்டும். அதனால்தான் ஃப்ரேமை வெட்டும், புதிதாக வெல்ட் வைக்கும் எந்த வேலையும் வேண்டாம் என்கிறேன். போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்யுங்கள். கழற்றிய ஒரிஜினல் பேனல்களை மொட்டை மாடியில் அடுக்காதீர்கள், வெயிலில் கோணிப்போகும். நிழலில், ஒன்றின்மேல் ஒன்று படாமல், அவற்றின் போல்ட்டுகளையும் காலர்களையும் ஒரு கவரில் போட்டு அந்தந்தப் பேனலோடு கட்டித் தொங்கவிடுங்கள்.