சாமுவேல் மகன் ஞானமுத்து, ஞானமுத்து மகன் சாமுவேல்

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி மண் செருப்புக்குள் புகுந்து சாக்ஸின் நிறத்தையே மாற்றிவிடும் ஊர்களில் ஒன்று. காலை பத்து மணி வெயில். கல்லறைத் தோட்டத்துக் கேட்டருகே செல்வின். சென்னையிலிருந்து வந்திருக்கிறார். ஒரு கையில் டேப்லெட், மறு கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் ஒரு டூத் பிரஷ். எதிரே மண்வெட்டியில் சாய்ந்தபடி கோவில்குட்டியார் தங்கையா. மணி அடிப்பது, பாய் விரிப்பது, குழிக்கு அளவு சொல்வது எல்லாம் இவர் பாடு. வயது அறுபத்தெட்டு.

தங்கையா: பல்லு வெளக்க இம்புட்டு தூரமா தம்பி வந்திய?

செல்வின்: இல்ல அண்ணாச்சி, கல்லறை எழுத்துல பாசி புடிச்சிருந்தா தேய்க்கத்தான். கம்பி பிரஷ் போட்டா கல்லே உதிர்ந்துருமாம். தண்ணி விட்டு மெதுவா தேய்க்கணும்.

தங்கையா: நல்ல காரியம். அந்தா, எங்க மாமனாருக்கும் ரெண்டு இழுப்பு இழுத்துருங்க. உசுரோட இருக்கையில அவரு வெளக்கி நான் பாத்ததில்ல.

செல்வின்: நான் எங்க பரம்பரையைத் தேடிட்டு இருக்கேன். குடும்ப மரம்னு ஒண்ணு வரையுறேன், பாருங்க. இது நான், இது அப்பா, இது தாத்தா...

தங்கையா: (டேப்லெட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து) என்ன தம்பி, பனைமரம் கணக்கா நெட்டுக்கு நிக்கு. கிளையே இல்ல. ஆமா, ஒரு பொம்பளையையும் காங்கலியே? அப்புறம் எப்படி வளந்துச்சு?

செல்வின்: அதெல்லாம் பொறவு சேத்துக்கலாம். அப்பா பேரு சாமுவேல். தாத்தா ஞானமுத்து. அவருக்கு அப்பா சாமுவேல். அவருக்கு அப்பா...

தங்கையா: ஞானமுத்து.

செல்வின்: உங்களுக்கு எப்படித் தெரியும்!

தங்கையா: பாட்டன் பேரைப் போட்டாத்தானய்யா அவன் பேரன். நீங்கதான் நடுவுல செல்வின்னு வந்து கெடுத்துட்டிய.

செல்வின்: சர்ட்டிபிகேட்ல செல்வின் ஞானமுத்து.

தங்கையா: ஆங், தப்பல. (கையை விரித்துக் காட்டி) இந்தத் தோட்டத்துல எனக்குத் தெரிஞ்சு பதினோரு ஞானமுத்து படுத்திருக்காவ. சாமுவேல் ஒன்பது பேரு. எல்லாருக்கும் இனிஷியல் ஞா இல்லேன்னா சா. எவர் வேணும்?

செல்வின்: இடையன்குடி மிஷனரி கால்டுவெல் ஐயர் காலத்து ஞானமுத்து. எங்க வீட்டுல ஒரு பேச்சு உண்டு அண்ணாச்சி. தாத்தாவோட தாத்தா கால்டுவெல் ஐயருக்கு வலது கையா இருந்தாராம்.

தங்கையா: சவம், இவரும் வலது கையா!

செல்வின்: அண்ணாச்சி, இந்த இடத்துல வச்சு அந்த வார்த்தை...

தங்கையா: எங்களுக்கு அது வாயில வாரதுதான், இவிய ஒண்ணும் நினைக்க மாட்டாவ. தம்பி, போன மாசம் கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு, அவுங்க பாட்டனும் ஐயருக்கு வலது கை. கிறிஸ்துமஸுக்கு வந்த டாக்டரம்மா வீட்டுலயும் ஒரு வலது கை. கூட்டிப் பாத்தா பூரான் தோத்துரும். ஐயரு 1841 கடைசியில இடையன்குடிக்கு வந்தாரு. 1847-ல கோயில் வேலையை ஆரம்பிச்சாரு. பிரதிஷ்டை எப்பம் நடந்துச்சு தெரியுமா? 1880. முப்பத்து மூணு வருசம்! இத்தனை வலது கை கூட நின்னிருந்தா ஒரு கோயில் கட்ட முப்பத்து மூணு வருசமா ஆகும்?

செல்வின் பதில் சொல்லாமல் பக்கத்துக் கல்லின் முன் குந்துகிறார். தண்ணீர் விட்டுப் பிரஷால் தேய்க்கிறார்.

செல்வின்: கிடைச்சிட்டுது! க... அ... எ... எ. கஅஎஎ? இது என்ன பேரு, எபிரேயமா?

தங்கையா: அது பேரு இல்ல தம்பி, வருசம். க ஒண்ணு, அ எட்டு, எ ஏழு. ௧௮௭௭. எங்க பாட்டையா காலத்துல தமிழ் எண்ணுலதான் கணக்கு எழுதுவாவ. நீங்க இஞ்சினியருதான?

செல்வின்: (முகத்தைத் துடைத்துக்கொண்டு) 1877... பஞ்ச காலமா?

தங்கையா: தாது வருசப் பஞ்சம். 1876-ல புடிச்சு 78 வரைக்கும் விடல. கூடவே காலரா. ஊர் ஊரா ஞானஸ்நானம் வாங்கினதும் அப்பந்தான், ஊர் ஊரா தூத்துக்குடியில கப்பல் ஏறி கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனதும் அப்பந்தான். பேரு தெரியுதா?

செல்வின்: '...த்து பெண்சாதி அன்னம்மாள்'. பொம்பளை கல்லறை. விடுங்க, அடுத்ததைப் பாப்போம்.

தங்கையா: விடுதேன். ஆனா இப்படி ஒவ்வொண்ணா தேய்ச்சா பிரஷ்தான் தீரும். கல்லு வச்சவன் வசதிக்காரன். மத்தவனுக்கெல்லாம் மண்மேடும் ஒரு பனஞ்சட்டச் சிலுவையும்தான். சிலுவையைக் கரையான் தின்னுரும், மேட்டை ஆடிக் காத்து தூக்கிட்டுப் போயிரும். தேரி மண்ணு ஓரிடத்துல நிக்காது பாத்துக்கிடுங்க. நான் ஒருத்தருக்குன்னு வெட்டின குழியில வேற ரெண்டு பேரு இருந்திருக்காவ.

செல்வின்: அதனாலதான் டிஎன்ஏ டெஸ்ட்டும் எடுத்தேன். எச்சியைக் குழாயில துப்பி அனுப்பினா நம்ம பூர்வீகத்தைச் சொல்லிருவாங்க.

தங்கையா: என்ன சொன்னாவ?

செல்வின்: தென்னிந்தியான்னு.

தங்கையா: எம்புட்டு வாங்கினாவ?

செல்வின்: எட்டாயிரம்.

தங்கையா: வெத்தலையைப் போட்டு இங்கன துப்பியிருந்தா நானே சொல்லியிருப்பேனே!

செல்வின்: மிஷன் காகிதம் எல்லாம் இங்கிலாந்துல பத்திரமா இருக்கு அண்ணாச்சி. எஸ்.பி.ஜி. மிஷன் சங்கத்துக் கடிதங்க ஆக்ஸ்போர்டுல, சி.எம்.எஸ். சங்கத்துக் கடிதங்க பர்மிங்காம்ல. அடுத்த வருசம் ஒரு எட்டு போய்ப் பாக்கணும்.

தங்கையா: போங்க. ஐயருமாரு அவிய சங்கத்துக்கு எழுதினதுல ஊர் பேரு இருக்கும், உபதேசியார் பேரு இருக்கும். உங்க பாட்டன் வாங்கின கருப்பட்டிக் கடன் ஆக்ஸ்போர்டுல இருக்குமா? அதுக்கு இங்கன ஆளு வேணும். சரி, இத முதல்லயே கேட்டிருக்கணும். உங்க வீட்டுப் பட்டப்பேரு என்ன?

செல்வின்: பட்டப்பேரா?

தங்கையா: பதினோரு ஞானமுத்துல ஒருத்தரை எப்படிக் கூப்புடுவாவன்னு நினைச்சிய? கிட்ணாம்பெட்டி ஞானமுத்து, ஒத்தக்காது ஞானமுத்து, எட்டுப் பனை ஞானமுத்து... இந்த ஊருக்கு அதான் ஆதார் கார்டு. கல்லுல மட்டும் ஒருத்தரும் வெட்ட மாட்டாவ. செத்த பொறவாவது மரியாதை வேணும்லா.

செல்வின்: அத்தை போன்ல சொன்னாங்க, குறிச்சு வச்சிருக்கேன்... இந்தா. 'மணியக்காரர் வீடு'. (நிமிர்ந்து) பாத்தீங்களா, ஊரையே நிர்வாகம் பண்ற மணியக்காரரா இருந்திருக்காரு!

தங்கையா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறார். இருமுகிறார். செல்வினின் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி சிரிக்கிறார்.

தங்கையா: மணியக்காரர் இல்ல தம்பி, மணிக்காரர்! உங்க அத்தை நடுவுல ஒரு 'ய'வைச் சொருகிட்டா. முழுப் பேரு 'நடுச்சாம மணி வீடு'. அடே, நீங்கதானா அது!

செல்வின்: என்ன அண்ணாச்சி சொல்றீங்க?

தங்கையா: அந்த ஞானமுத்து இந்த ஊர் கோவில்குட்டி. ஊர்ல கடிகாரம் கிடையாது. கோழி கூவினா, கிழக்கு வெளுத்தா மணியடிக்கணும், அம்புட்டுதான். ஒரு பௌர்ணமி அன்னைக்கு நிலா வெளிச்சத்தப் பாத்து ஏதோ ஒரு கிறுக்குக் கோழி கூவியிருக்கு. இவரு முழிச்சாரு, விடிஞ்சிட்டுன்னு மணியை இழுத்துட்டாரு. நடுச்சாமம்! சபை முழுக்க எந்திரிச்சு, முகம் கழுவி, பிள்ளையளத் தூக்கிட்டு காலை ஜெபத்துக்கு வந்து உக்காந்தாச்சு. பனையேறுறவுக எல்லாம் கருக்கல்னு நினைச்சு மரத்துல ஏறிட்டாவ. மேல போன பொறவுதான் கலயத்துல பாதிப் பதனி கூட இல்லன்னு தெரிஞ்சுது. இருட்டுல இறங்கப் பயந்து, விடியுற மட்டும் மட்டையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அவரை ஏசினாவளாம்.

செல்வின்: (மெதுவாக) அப்ப வலது கை...

தங்கையா: மணிக்கயிறை எந்தக் கையால இழுப்பாவ? வலது கையாலதான். உங்க வீட்டுல பொய் சொல்லல.

செல்வின்: அப்புறம் என்ன ஆச்சு?

தங்கையா: சபை கூடி எட்டணா அபராதம் போட்டு, வேலையை விட்டு நிப்பாட்டிட்டாவ. அந்த இடத்துக்கு வந்தவருதான் எங்க பாட்டையாவுக்கு அப்பா. அன்னையில இருந்து கயிறு எங்க வீட்டுல. அந்தக் கோழி மட்டும் சரியான நேரத்துக்குக் கூவியிருந்தா, நான் இன்னைக்கு மெட்ராஸ்ல டேப்லெட்டோட நின்னிருப்பேன், நீங்க இங்கன மண்வெட்டியோட நின்னிருப்பிய.

செல்வின்: அவர் கல்லறை எது?

தங்கையா: இங்கன இல்ல. பஞ்சத்துல கண்டிக்குப் போனாரு, திரும்பல. கைப்பிள்ளையோட பெண்டாட்டி இங்கன இருந்தா. மறுவருசம் காலராவுல அவளும் போயிட்டா. சேதி கேட்டு, தோட்டத்துல சேத்த காசை கல்லு வைக்கன்னு அனுப்பி வச்சாராம். பஞ்சத்துல இந்த ஊர்ல கல்லு வச்சது அந்த ஒரு சாவுக்குத்தான்.

செல்வின் திரும்பி, ௧௮௭௭ கல்லுக்கு ஓடுகிறார். மீதித் தண்ணீர் முழுவதையும் ஊற்றித் தேய்க்கிறார்.

செல்வின்: 'ஞா... ன... முத்து பெண்சாதி'. இவங்களைத்தான் விடுங்கன்னு சொன்னேன்.

தங்கையா: மரத்துல ஒரு பொம்பளையாவது இருக்கட்டும். எழுதுங்க.

செல்வின் எழுதுகிறார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. தங்கையாவால் அதிக நேரம் பேசாமல் இருக்க முடியாது.

தங்கையா: இதுக்கும் மேல போகணும்னா கல்லறை ஒதவாது. ஞானமுத்துவோட அப்பா கிறிஸ்தவ வேதத்துல சேரல, அவரை எரிச்சிட்டாவ. அந்த வழியில உள்ளவுக பக்கத்து ஊர்ல இருக்காவ. பங்குனி உத்திரத்துக்கு எங்க இருந்தாலும் அவிய சாஸ்தா கோயிலுக்கு வந்துருவாவ. அங்கன போயி நின்னு, ஞானமுத்து பேரன்னு சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. நடுச்சாம மணி வீடுன்னு சொல்லுங்க, இலையைப் போட்டு உக்கார வச்சிருவாவ.

செல்வின்: மரத்துல 'மணியக்காரர்'னே போட்டுக்கவா அண்ணாச்சி? ஒரு எழுத்துதானே.

தங்கையா: உங்க இஷ்டம். ஆனா அந்த எட்டணா இன்னும் பாக்கி. பழைய கணக்குப் புஸ்தகம் பெட்டியில கிடக்கு, காட்டட்டுமா?

செல்வின்: இப்பவே கட்டிடறேன். வட்டியோட எவ்வளவு?

தங்கையா: கோயிலுக்கு என்னத்துக்கு வட்டி? பெண்கள் உக்காருற பக்கம் ஒரு ஃபேன் ஓடல. வாங்கிக் குடுத்துருங்க, கணக்கு முடிஞ்சுது. உபயம்னு றெக்கையில பேரு எழுதிருவோம்.

செல்வின்: சரி. 'சா. செல்வின் ஞானமுத்து'ன்னு எழுதுங்க.

தங்கையா: ஞானமுத்துன்னா எந்த ஞானமுத்துன்னு சண்டை வரும். ஏற்கனவே ரெண்டு ட்யூப்லைட்டுக்கு வந்துட்டு. றெக்கை மூணு இருக்குல்லா, கணக்கா வரும். ஒண்ணுல 'நடுச்சாம', ஒண்ணுல 'மணி', ஒண்ணுல 'வீடு'.

செல்வின்: ஐயோ அண்ணாச்சி, வேண்டாம்!

தங்கையா: சுத்தும்போது யாரு தம்பி வாசிக்கப் போறா?

செல்வின்: கரண்டு போனா?

தங்கையா: (மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு) பிரசங்கத்துக்கு நடுவுல தினமும் போகும். வாங்க, மணியடிக்க நேரமாச்சு. கயிறைத் தொட்டுறாதிய.