கோபோலைக் குறை சொல்லாதீர்கள், எடிட்டரை மாற்றுங்கள்

"புதுப் பசங்க யாரும் கோபோல் பக்கம் வரமாட்டேங்கிறாங்க." சென்னையில் மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினிகளில் வேலை பார்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. அவற்றில் ஓடும் நிரல்கள் பலவும் எழுதப்பட்ட பழைய மொழிதான் கோபோல். நானும் இதே தொழிலில் இருப்பவன். அவர்களை விரட்டுவது பச்சைத் திரை, அதாவது மெயின்ஃப்ரேமின் பழைய எழுத்துத் திரைதான் என்பது என் உறுதியான எண்ணம். பழி மட்டும் மொழியின் மேல் விழுகிறது.

கல்லூரியில் விஎஸ் கோட் என்ற நவீன எடிட்டரில் பைத்தான் எழுதிய பெண்ணை, பச்சைத் திரையில் ஓடும் பழைய எடிட்டரான ஐஎஸ்பிஎஃப் முன்னால் உட்கார வைக்கிறோம். 24 வரி, 80 எழுத்து. மேலே போக எஃப்7, கீழே வர எஃப்8. நிரலில் ஒரு ஃபீல்டைப் பார்க்கிறாள். அது என்ன வகை? அறிவிப்பு வேறொரு லைப்ரரியில், ஏதோ ஒரு காப்பிபுக்கில் (பல நிரல்கள் பகிரும் அறிவிப்புக் கோப்பில்) இருக்கிறது. எஃப்2 அழுத்தித் திரையைப் பிரித்து, டேட்டாசெட் என்ற கோப்புத் தொகுப்பின் பெயரை அடித்து, அதிலுள்ள மெம்பர் என்ற கோப்பைத் திறந்து, ஃபைண்ட் போட்டுக் கண்டுபிடித்துத் திரும்புவதற்குள் எந்த ஐஎஃப்-க்குள் இருந்தோம் என்பதே மறந்துவிடும்.

விஎஸ் கோடில் இசட் ஓப்பன் எடிட்டர் நீட்சியோ பிராட்காமின் கோபோல் நீட்சியோ போட்டுவிட்டால், அந்தப் பெயர் மேல் மவுஸை வைத்தாலே போதும். எஸ்9(7)வி99 காம்ப்-3 என்று வந்து நிற்கும். அதாவது புள்ளிக்கு முன் ஏழும் பின் இரண்டுமாக ஒன்பது இலக்கம், பேக் செய்து (நெருக்கி) சேமிப்பதால் ஐந்து பைட், புள்ளி சேமிக்கப்படாது. கண் நிரலை விட்டு விலகவே வேண்டாம்.

72-ஆம் நெடுவரிசை இன்னொரு தொல்லை. 1959-இல் கோபோலை வடிவமைக்கத் தொடங்கியபோது நிரல் என்றாலே 80 நெடுவரிசை துளை அட்டைதான். அந்தப் பழைய வடிவத்தில் 73-லிருந்து எழுதுவதை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கண்டுகொள்ளாது. பேலன்ஸ்-ஓல்ட் என்ற பெயரில் '-ஓல்ட்' மட்டும் 73-இல் விழுந்தால், கம்பைலருக்குத் தெரிவது வெறும் பேலன்ஸ். அந்தப் பெயரிலும் ஒரு ஃபீல்ட் இருந்துவிட்டால் பிழையே காட்டாமல் கம்பைல் ஆகிவிடும், கணக்கு மட்டும் தப்பாக வரும். நவீன எடிட்டரில் 72-இல் ஒரு கோடு போட்டு வைக்கலாம், தாண்டினால் உடனே தெரியும்.

எடிட்டரால் முடியாததும் உண்டு. பேக் செய்த ஃபீல்டில் எண்ணுக்குப் பதில் வெற்றிடம் வந்து, அதை வைத்துக் கூட்டல் போட்டால் சாக் செவன் என்ற பிழை வந்து, ஓடும் ஜாப் அங்கேயே விழும். இது ஓடும்போது டேட்டாவால் வரும் கோளாறு, எந்த வண்ண எழுத்தும் முன்கூட்டிக் காட்டாது. டம்ப் (ஜாப் விழுந்த நேரத்து நினைவகப் பதிவு) படிக்க வேண்டும், அந்த ஃபைல் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். சீனியர்கள் கற்றுத்தர வேண்டியது இதைத்தான். ஆனால் முதல் சில மாதங்களை எஃப் கீ மனப்பாடத்திலேயே கரைத்துவிடுகிறோம், எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

சரி, பழகிய கைகளுக்கு ஐஎஸ்பிஎஃப் வேகமானது என்பதை மறுக்கவில்லை. எல்லா வரிகளையும் மறைத்துவிட்டு, தேடும் சொல் உள்ள வரிகளை மட்டும் வரவழைக்கும் வசதிக்காக இன்றும் அதைத் திறக்கிறேன். வேண்டியவர்களுக்கு அது இருக்கட்டும். புதிதாக வருபவர்கள் மேல் ஏன் திணிக்க வேண்டும்?

2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி வெளிப்படையாகக் கேட்டார். அதே ஆண்டில் ஓப்பன் மெயின்ஃப்ரேம் புராஜெக்ட் என்ற திறமூலத் திட்டம் இலவச கோபோல் பாடத்தை வெளியிட்டது. அந்தப் பாடமே விஎஸ் கோடை வைத்துத்தான் நடக்கிறது. உலகுக்குச் சொல்லித்தருபவர்களே அங்கே போய்விட்டார்கள். நாம் மட்டும் ஏன் இன்னும் பச்சைத் திரை எமுலேட்டர் ஐகானைக் காட்டிப் பயிற்சியைத் தொடங்குகிறோம்?

செக்யூரிட்டி அனுமதி கிடைக்காது என்பார்கள். விஎஸ் கோடை மெயின்ஃப்ரேமுடன் இணைக்கும் சோவி எக்ஸ்புளோரர் நீட்சி உள்ளே போவது அவரவருடைய அதே யூசர் ஐடியில்தான், அவருக்கு இல்லாத உரிமை எதுவும் புதிதாகக் கிடைத்துவிடாது. ஜாப்பை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல்லை சப்மிட் செய்வதையும், அதன் வெளியீடான ஸ்பூலைப் பார்ப்பதையும் அதே ஜன்னலில் செய்யலாம். மேனேஜர்கள் புதியவர்களின் அடுத்த பேட்ச் வருவதற்கு முன்பே இதற்கான அனுமதி டிக்கெட்டைப் போட்டு வையுங்கள். அதுவரை காத்திருக்க முடியாத மாணவர்கள் தங்கள் லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் குனு கோபோல் கம்பைலரைப் போட்டு, விஎஸ் கோடிலேயே எழுதத் தொடங்கலாம்.