தாங்க முடியவில்லை என்று சொல்லலாம்

"தாங்க முடியாத பாரத்தைக் கர்த்தர் யாருக்கும் கொடுக்கமாட்டார்." அப்பா பக்கவாதம் வந்து படுத்த பிறகு இதை எத்தனை பேர் என்னிடம் சொன்னார்கள் என்று கணக்கே இல்லை. எல்லோரும் எங்கள்மேல் அன்பு வைத்திருப்பவர்கள்தான். நானும் "ஆமென்" என்று சொல்லிவிடுவேன். ஆனால் வேலையும் போய், கடன் தவணையும் தவறிப்போய், நடுராத்திரியில் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு உட்காரும்போது எனக்குத் தெரியும், என்னால் தாங்க முடியவில்லை என்று. அப்படியானால் என் விசுவாசம்தான் குறைவா? பாரத்தோடு இந்தக் குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் அந்த வசனத்தை வேதாகமத்தில் தேடினேன். அப்படி ஒரு வசனம் இல்லை. பலரும் மனதில் வைத்துச் சொல்வது 1 கொரிந்தியர் 10:13. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விழுந்துபோன விக்கிரக ஆராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு என்று, கொரிந்து சபைக்கு இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். பாவத்துக்கு இழுக்கும் சோதனையில் தப்பிக்கொள்ள தேவன் வழி வைப்பார் என்பதுதான் அங்கே பேச்சு. வியாதியும் சாவும் கடனும் நம் பலத்துக்குள்தான் இருக்கும் என்று பவுல் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

கொடுத்திருக்கவும் முடியாது. அதே கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், முதல் அதிகாரம் 8ஆம் வசனத்தில், ஆசியாவில் வந்த உபத்திரவம் எங்கள் பலத்துக்கு மிஞ்சிப்போனது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதுகிறார். பவுலே எழுதுகிறார்! அந்த ராத்திரி அதை வாசித்துவிட்டு நான் அழுதேன். நம்மேல் நாமே நம்பிக்கை வைக்காமல், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் வைப்பதற்காகவே இப்படி நடந்தது என்று அடுத்த வசனத்தில் சொல்கிறார். அப்புறம் 11ஆம் வசனத்தில் அந்தச் சபையாரின் ஜெப உதவியை எதிர்பார்க்கிறார். இதை நாம் கவனிப்பதே இல்லை.

எலியா தீர்க்கதரிசியும் அப்படித்தான். போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டார். தேவதூதன் வந்து விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், போகவேண்டிய தூரம் அதிகம் என்று. 88ஆம் சங்கீதமோ கடைசி வரி வரைக்கும் விடியவே இல்லை. ஆனாலும் அது ஜெபப் புத்தகத்தில்தான் இருக்கிறது. இருட்டில் கிடந்தபடியே அவரைக் கூப்பிடுவதும் விசுவாசம்தான் என்று நான் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு என் ஜெபம் மாறியது. "எனக்குப் பெலன் தாரும், நான் சமாளிப்பேன்" என்று கேட்பதை விட்டேன். "ஆண்டவரே, என்னால் முடியவில்லை, நீர் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் ஜெபக்குழுவில் இருக்கும் ஒரு அண்ணனிடம் அதையே வாய்விட்டுச் சொன்னேன். அவர் வசனம் எதுவும் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை ராத்திரி நான் வந்து அப்பாகூட இருக்கிறேன், நீ தூங்கு" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் விடியும்வரை தூங்கினேன்.

அப்பாவுக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை. கடனும் முடியவில்லை. குணமாக வேண்டும் என்று தினமும் கேட்கிறேன், கேட்பதை நிறுத்தப்போவதில்லை. யாராவது கஷ்டத்தில் இருப்பதைப் பார்த்தால், தயவுசெய்து அந்த வாக்கியத்தை அவர்களிடம் சொல்லாதீர்கள். எந்த ராத்திரி வந்து உட்காரட்டும் என்று கேளுங்கள்.