தலைக்கு மேல் வேலை இருக்கும்போது

வேலைச் சுமையைச் சமாளிப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். மலைப்பாக இருந்தால் முதலில் எல்லா வேலைகளையும் பட்டியல் போடுங்கள், காலை ஐந்து மணிக்கு எழுந்து தியானம் செய்யுங்கள் என்கிறது. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். குமுளிப் பக்கம் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். காய் எடுக்கும் சீசனில் கூலி, ஜீப் வாடகை, ஏலத்துக்குப் போகும் மூட்டைக் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் ஒரே நாளில் வந்து விழும். அப்போது முழுப் பட்டியலைப் பார்த்தால் கை ஓடாது. மேலாகக் கிடக்கும் ஒரு கூலிச் சீட்டை மட்டும் எடுத்துக் கூட்டி, கம்பியில் குத்திவிடுவேன். அப்புறம் அடுத்தது நகரும்.

மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காமல் சின்னதாக ஒன்றைச் செய்தால், மனசு பின்னாலேயே வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே 1970களிலிருந்து இந்த வழி உண்டு.

ஆனால் 'காலை ஐந்து மணிக்கு எழுந்து தியானம்' யாருக்காக எழுதியது? கம்பத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வரும் அக்காக்கள் அதற்குள் சோறு பொங்கி, தூக்குவாளியோடு ஜீப்புக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வேலையைக் குறைக்கிற யோசனை சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் இந்த உத்தியெல்லாம் போதாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம்தான், தமிழிலும் பேசலாம்.