தால் ஏரியோடு நிறுத்திவிட்டால் எப்படி?

காஷ்மீரைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் தால் ஏரி, குல்மார்க் பனி, படகு வீடு என்று இயற்கையோடு நிறுத்திவிட்டீர்களே, அங்கே வாழ்கிற மக்களின் கைவேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கானிஹாமா கிராமத்துக் கானி சால்வையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியால் போடும் பூவேலை இல்லை அது. ஒவ்வொரு நிற நூலையும் ஒரு சின்ன மரக்குச்சியில் சுற்றி வைத்துக்கொண்டு, பூவையும் இலையையும் தறியிலேயே நெய்துகொண்டு வருகிறார்கள். எந்த நிறம் எத்தனை இழை என்பதை 'தாலிம்' என்கிற குறியீட்டுத் தாளைப் பார்த்துத்தான் நெய்ய வேண்டும், ஒரு இழை தப்பினாலும் டிசைன் கோணிவிடும். வேலைப்பாடு அதிகமுள்ள சால்வை முடிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்!

அப்புறம் பாம்பூர் குங்குமப்பூ. அக்டோபர் கடைசியில் வயல் முழுக்க ஊதா நிறம், படம் எடுக்க அழகுதான், ஆனால் காலையிலேயே குனிந்து குனிந்து பறிக்கிறவர்களையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு பூவில் 3 சிவப்பு இழைதான், ஒரு கிலோ சேர ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூ வேண்டும்.

14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் லல்லேஸ்வரியையும் விட்டுவிட்டீர்கள். காஷ்மீர் இந்துக்களான பண்டிதர்களும் முஸ்லிம்களும் ஒருசேரத் தங்கள் ஆள் என்று கொண்டாடுகிற அந்த அம்மாளைச் சொல்லாமல் காஷ்மீரின் பண்பாட்டை எப்படிச் சொல்ல முடியும்?

சால்வை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: விசைத்தறியில் நெய்ததையும் கானி என்று சொல்லி விற்கிறார்கள். புவிசார் குறியீட்டு முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், நெய்தவர் கைக்குக் காசு போய்ச் சேரட்டும்.