வாயில் கை வைக்காதீர்கள்

நாய்க்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று கட்டுரையில் விளக்கியதற்கு நன்றி. ஒன்றை மட்டும் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். நாக்கை விழுங்கிவிடுமோ என்று பயந்து பலர் நாயின் வாயைத் திறக்கப் பார்க்கிறார்கள். நாய் நாக்கை விழுங்காது. ஆனால் தன்னினைவில்லாமல் கடித்துவிடும். எங்கள் வீட்டில் முதல் தடவை வந்தபோது அம்மா அப்படித்தான் விரலை விட்டார். நான்கு தையல்.

அன்று வெகுநேரம் துடித்ததுபோல்தான் எனக்குத் தோன்றியது. பிறகு தம்பி செல்போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தால் ஒன்றரை நிமிடம்! அதனால்தான் சொல்கிறேன், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நீண்ட வலிப்பில் உடல் சூடு ஏறி மூளையே பாதிக்கப்படலாம். மற்றபடி படிக்கட்டு, மேசை முனையில் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு, சத்தம் போடாமல் பக்கத்தில் இருங்கள்.

அந்த வீடியோ மருத்துவருக்கு மிகவும் உதவியது. இதயக் கோளாறால் மயங்கி விழுவதும் பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். ஆனால் மயக்கத்தில் பெரும்பாலும் உடல் துவண்டு, சீக்கிரமே எழுந்து பழையபடி ஆகிவிடும். வலிப்புக்குப் பிறகு அப்படியல்ல. எங்கள் நாய் அரை மணி நேரம் கண் தெரியாததுபோல் சுவரில் முட்டியது, எங்களைப் பார்த்தே உறுமியது. அந்த நேரத்தில் கட்டிப்பிடிக்கப் போகாதீர்கள், மனசு கேட்காதுதான்.

வலிப்பு நின்றுவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பீனோபார்பிட்டால் போன்ற வலிப்பு மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வரலாம்.